கறையான் புற்றைப் பார்த்துக் கட்டிய ஹராரே கட்டடம்: நம் கடலோரத்தில் அது நடக்குமா?

செங்கை_சிவில் (கேள்வி)

வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினீயராக வேலை பார்க்கிறேன். ஊருக்கு வெளியே தரைத்தளம் சேர்த்து மூன்று தளத்தில் ஒரு அலுவலகக் கட்டடம் வரப்போகிறது. இடத்துக்காரர் ஆர்வமான மனிதர். ஜிம்பாப்வேயில் ஹராரே நகரத்தில் இருக்கும் ஈஸ்ட்கேட் சென்டரைப் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டு, "கறையான் புற்று மாதிரி கட்டினால் ஏசியே வேண்டாமாமே, நமக்கும் அதையே போட்டுத் தாங்க" என்று பிடிவாதமாக நிற்கிறார். எனக்கும் அதில் ஆசைதான், மறுக்க மனசில்லை. ஆனால் புரியாமல் தலையாட்டிவிட்டு, சித்திரை மாதத்தில் மேல்தளத்தில் உட்கார முடியாத ஒரு கட்டடத்தை அவர் கையில் கொடுத்துவிடக் கூடாது.

நான் படித்த வரைக்கும், ஆர்க்கிடெக்ட் மிக் பியர்ஸ், கூடவே அரூப் நிறுவனத்தின் இன்ஜினீயர்கள், 1996இல் திறந்தார்கள், கூரையில் வரிசையாகப் புகைபோக்கி மாதிரி குழல்கள். மீதி எல்லாம் ஒரே புகழ்ச்சியாக இருக்கிறது, ஒருத்தர் எழுதியதையே இன்னொருத்தர் எடுத்து எழுதியிருக்கிறார்கள். அது உண்மையில் எப்படி வேலை செய்கிறது, கறையானுக்கும் அதற்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கிறதா, நம் ஊரில் கட்டினால் என்ன ஆகும்? இனிமேல் வரும் கட்டடங்கள் எல்லாம் இப்படி இயற்கையைப் பார்த்துத்தான் கட்டப்படும் என்கிறார்களே, அதில் எதை நம்பலாம் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காற்றுவழி

தம்பி, ஏசி, வென்டிலேஷன் டிசைன்தான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அது என்ன கட்டடம் என்று பாருங்கள். ஒன்பது தள உயரத்தில் இரண்டு நீளமான பிளாக்குகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பெரிய நடைவெளி. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். கட்டியது ஓல்ட் மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனம். ஏசி இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து டாலர் கொடுத்து இறக்க வேண்டும், உதிரி பாகமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான் பியர்ஸுக்கு வந்த நெருக்கடி. 3.6 கோடி டாலர் கட்டடத்தில் ஏசி பிளான்ட் இல்லாததால் 35 லட்சம் டாலர் மிச்சமானது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

வேலை செய்யும் விதம் இதுதான். ராத்திரி வெளிக்காற்று குளிர்ந்ததும் பெரிய மின்விசிறிகள் அதை உள்ளே இழுத்து, ஒவ்வொரு தளத்தின் கான்கிரீட் தரைக்கு அடியில் இருக்கும் வெற்றிடங்கள் வழியாக ஓட விடுகின்றன. அந்த வெற்றிடத்துக்குள் பல் பல்லாகக் கான்கிரீட் துண்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கும், காற்று அதில் மோதிப் புரண்டு போகும்போது கான்கிரீட் தன் சூட்டை விடுகிறது. விடியும்போது தரையும் கூரையும் குளிர்ந்து கிடக்கும். பகலில் விசிறியின் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், வரும் கொஞ்சக் காற்று அந்தக் குளிர்ந்த கான்கிரீட்டைத் தடவிக்கொண்டு அறைக்குள் வருகிறது. ஆட்களாலும் விளக்குகளாலும் சூடாகும் காற்று மேலே ஏறி, கூரையில் இருக்கும் 48 செங்கல் குழல்கள் வழியாக வெளியே போய்விடும். வெளிச்சுவரில் ஜன்னல் குறைவு, கான்கிரீட் விளிம்புகள் முன்னால் துருத்திக்கொண்டு நிழல் போடுகின்றன, அதன்மேல் செடிகொடி.

விசிறிகள் ஓடுகின்றன என்பதைக் கவனியுங்கள். "மின்சாரமே இல்லாமல் குளிர்கிறது" என்று சொல்லும் வீடியோக்களை மூடிவிடுங்கள். அதே ஊரில் ஏசி போட்ட கட்டடங்களோடு ஒப்பிட்டால் மொத்த மின்சாரம் சுமார் 35 சதவீதம் குறைவு என்று சொல்கிறார்கள். 90 சதவீதம் மிச்சம் என்று சுற்றும் எண்ணை நான் எங்கேயும் எடுத்து வைக்க மாட்டேன். 35 சதவீதமே பெரிய விஷயம்.

இப்போது உங்கள் இடத்துக்காரரிடம் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டை 1 டிகிரி குளிர்விக்க, தான் 1 டிகிரி சூடாகிக்கொண்டு போகும் காற்று ஏறக்குறைய 1,700 கன மீட்டர் வேண்டும். அதனால்தான் அவ்வளவு பெரிய காற்றுக்குழாய்கள், ராத்திரி பூரா ஓடும் விசிறிகள். அப்படி ஓட்டியும் பயன் கிடைக்க வேண்டுமென்றால் ராத்திரிக் காற்று கான்கிரீட்டை விட நல்ல குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். ஹராரே கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெயில் அதிகமான அக்டோபரிலேயே பகல் 29 டிகிரி என்றால் விடியற்காலை 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கிவிடும். அந்த 14 டிகிரி இறக்கத்தில்தான் அந்தக் கட்டடம் பிழைக்கிறது.

சென்னையிலும் செங்கல்பட்டிலும் மே மாதம் பகல் 37, 38. ராத்திரி 27, 28க்குக் கீழே இறங்காது. விடிய விடிய விசிறி ஓட்டி 28 டிகிரி காற்றைக் கான்கிரீட்டுக்குள் தள்ளினால் கிடைப்பது 29, 30 டிகிரி கான்கிரீட். அதற்கு மேல் ஈரப்பதம் வேறு. ஹராரேயில் அந்த அக்டோபர் மாதத்தில் காற்று வறண்டது, நம் காற்று ஈரத்தைச் சுமந்து வருவது. உடம்பு வேர்வையால் குளிரப் பார்க்கும், காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை காயாது. ஈஸ்ட்கேட் முறையில் ஈரத்தை எடுக்க வழியே கிடையாது. ஆக, அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நன்றாக இருக்கும், மற்ற மாதங்களில் உங்களைத் திட்டுவார்கள். ஓசூர் மாதிரி மேட்டு நிலத்தில் என்றால் பேச்சே வேறு, அங்கே ராத்திரி குளிர்கிறது, நான் யோசிக்காமல் செய்து பார்க்கச் சொல்வேன்.

ஈசல்

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறேன். கட்டடம் பற்றி மேலே ஐயா சொல்லிவிட்டார், கறையான் பக்கம் இருக்கிற விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோக்களில் அதைத்தான் அதிகம் தப்பாகச் சொல்கிறார்கள்.

பியர்ஸ் டிசைன் செய்த காலத்தில் எல்லோரும் நம்பியது 1961இல் மார்ட்டின் லூஷர் முன்வைத்த விளக்கம். புற்றின் அடியில் கறையான்களும் அவை வளர்க்கும் காளானும் சூட்டை உண்டாக்கும், சூடான காற்று மேலே ஏறும், ஓரங்கள் வழியாகக் குளிர்ந்து கீழே இறங்கும், இப்படிச் சுற்றிச் சுற்றி உள்ளே எப்போதும் 30, 31 டிகிரியாகவே வைத்திருக்கும் என்றார்கள். கேட்க அழகாக இருந்தது. அப்புறம் ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் இருவரும் நமீபியாவில் மேக்ரோடெர்மிஸ் மைக்கேல்செனி என்ற இனத்தின் புற்றுகளில் வேலை செய்து 2008இல் எழுதினார்கள். கூட்டின் வெப்பநிலை வருஷம் முழுக்க ஒரே மாதிரி இல்லை, சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலையோடு சேர்ந்து குளிர்காலத்தில் இறங்குகிறது, கோடையில் ஏறுகிறது. ஒரே நாளுக்குள் அதிகம் ஆடாமல் இருப்பதற்குக் காரணம் கூடு மண்ணுக்கு அடியில் இருப்பதுதான். மேலே நிற்கும் மண்கோபுரத்தின் முக்கிய வேலை குளிர்விப்பது இல்லை, மூச்சு விடுவது. லட்சக்கணக்கான பூச்சிகளும் காளான் தோட்டமும் விடும் கரியமில வாயு வெளியே போக வேண்டும், ஆக்சிஜன் உள்ளே வர வேண்டும். நுரையீரல் செய்யும் வேலை அது.

நம் ஊருக்கு நேரடித் தொடர்புள்ள ஆய்வும் ஒன்று இருக்கிறது. நம் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் பார்க்கிற, பக்கங்களில் மடிப்பு மடிப்பாக எழும்பி நிற்கும் புற்று ஓடொன்டோடெர்மிஸ் ஒபீசஸ் என்ற இனத்தினுடையது. மழைக்குப் பின் புற்றுக்காளான் முளைப்பதும் இந்த வகைக் கறையான் கூடுகளிலிருந்துதான். ஹண்டர் கிங், சாமுவேல் ஆக்கோ, ஐஐடி மெட்ராஸில் படித்து இப்போது ஹார்வர்டில் இருக்கும் எல். மகாதேவன் மூவரும் தென்னிந்தியாவில் இந்தப் புற்றுகளுக்குள் நுண்ணிய காற்றோட்டக் கருவிகளை விட்டு அளந்து 2015இல் வெளியிட்டார்கள். பகலில் வெளி மடிப்புகள் வெயிலில் சீக்கிரம் சூடாகின்றன, அதற்குள் இருக்கும் காற்று மேலே ஏறி நடுக்குழலில் கீழே இறங்குகிறது. ராத்திரி மடிப்புகள் முதலில் குளிர்ந்துவிடும், நடுப்பகுதி இன்னும் கதகதப்பாக இருக்கும், ஓட்டம் அப்படியே திரும்பிவிடும். பகலில் உள்ளே சேரும் கரியமில வாயு ராத்திரியில் வெளியேறிவிடுகிறது. இயந்திரம் கிடையாது, பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசமே அதை இயக்குகிறது. புற்றுச் சுவர் பார்க்கக் கெட்டி மண்ணாக இருந்தாலும் நுண்துளைகள் நிறைந்தது, வாயு அதன் வழியாகவே கசிந்து போகும். நான் மாணவர்களுக்கு உடைந்த பழைய புற்று ஓட்டைக் கையில் கொடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்வேன், விட்ட இடம் தெரியாமல் உறிஞ்சிவிடும்.

தம்பி கேட்ட "சம்பந்தம் இருக்கிறதா" என்ற கேள்விக்கு என் பதில்: பியர்ஸுக்கு ஊக்கம் புற்றிலிருந்து வந்தது உண்மை, அவர் எடுத்துக்கொண்ட உயிரியல் விளக்கம் பின்னால் நிற்கவில்லை, ஆனால் கட்டடம் நன்றாகவே வேலை செய்கிறது. ராத்திரிக் குளிரைக் கனமான பொருளில் சேர்த்து வைத்துப் பகலில் செலவழிக்கலாம் என்பது இயற்பியல், கறையான் அதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உண்மைதான். இன்னும் சொல்லப்போனால், கறையானிடம் நாம் உண்மையாகக் கற்க வேண்டிய பாடம், அதாவது சுவரே மூச்சுவிடும் வழி, இன்னும் எந்தப் பெரிய கட்டடத்திலும் சரியாக எடுத்தாளப்படவில்லை. எனக்கு அதில்தான் ஆசை அதிகம்.

யாரா_கரை

நான் மெல்போர்னில் இருக்கிறேன். பியர்ஸ் இங்கேயும் ஒரு கட்டடத்தில் பங்கெடுத்தார், கவுன்சில் ஹவுஸ் 2, நகராட்சியின் சொந்த அலுவலகம், பத்துத் தளம், 2006இல் திறந்தார்கள். மேற்குச் சுவர் முழுக்கப் பழைய மரப்பலகைகளால் ஆன ஷட்டர்கள், பிற்பகல் வெயில் வரும்போது மூடிக்கொள்ளும், வெயில் போனதும் திறந்துகொள்ளும். சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் வெயிலின் நேரத்துக்கு ஏற்ப அந்த முகம் மாறுவது தெரியும். ராத்திரி ஜன்னல்கள் தானே திறந்து, அலை அலையாக வார்த்த கான்கிரீட் கூரையைக் குளிர்விக்கின்றன.

நான் இதைச் சொல்லக் காரணம், அவரே இங்கே வந்தபோது ஹராரேயை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. இங்கே கோடையில் வடக்கிலிருந்து உள்நாட்டு அனல்காற்று அடிக்கும் நாள்களில் வெறும் ராத்திரிக் காற்று போதாது, அதனால் குளிர்ந்த நீர் ஓடும் கூரைப் பலகைகள், குளிரைச் சேமிக்கும் உப்புப் பொருள் நிரப்பிய தொட்டிகள், தெற்குப் பக்கத்தில் தண்ணீர் தூவிக் காற்றைக் குளிர்விக்கும் உயரமான துணிக்குழாய்கள் எல்லாம் சேர்த்தார்கள். ஒரே ஆர்க்கிடெக்ட், ஊர் மாறியதும் கட்டடமும் மாறிவிட்டது. உங்கள் இடத்துக்காரருக்கு இந்த இரண்டு கட்டடத்தின் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், நிறைய விளக்கம் தேவைப்படாது.

செங்கை_சிவில்

ஐயா, அக்கா, அண்ணா எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி இறக்கம் என்ற விஷயம் எனக்கு இதுவரை எங்கேயும் படிக்கக் கிடைக்கவில்லை. இப்போது எனக்கு ஒன்றே ஒன்று. புற்று வேண்டாம் என்றால் எங்கள் ஊருக்கு எதைப் பார்த்துக் கட்டுவது? வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவர் நாலு பக்கமும் கண்ணாடி போட்டு ஏசி வைக்கும் வழக்கமான டிசைனுக்குத்தான் போய்விடுவார், அதைத் தடுக்க என் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

காற்றுவழி

நல்ல கேள்வி. சூட்டை உள்ளே வரவிட்டுவிட்டு அப்புறம் வெளியேற்றுவது ஈஸ்ட்கேட் செய்யும் வேலையில் பாதி. நம் கடலோரத்தில் வெளியேற்ற வழி குறைவு, அதனால் வராமல் தடுப்பதில்தான் முழு உழைப்பும் போக வேண்டும்.

நீங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரிக்குப் பக்கம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கட்டடத்தின் மேல் விழும் வெயிலில் பெரும்பங்கு மொட்டை மாடியில்தான் விழுகிறது. அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்கள். தெற்கு, வடக்குச் சுவர்களுக்கு இரண்டடி சன்ஷேடு இருந்தாலே பெரும்பாலும் சமாளிக்கலாம். நிறைய பேர் மறப்பது, மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் வடக்கு ஜன்னலுக்கும் நிழல் வேண்டும். கட்டடத்தின் நீளவாக்கு கிழக்கு மேற்காக ஓடட்டும், மாடிப்படி, கழிப்பறை, ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் மேற்கு ஓரத்தில் தள்ளிவிடுங்கள்.

இயற்கையிலிருந்துதான் வேண்டும் என்று அவர் கேட்டால் சஹாரா பாலைவனத்து வெள்ளி எறும்பைக் காட்டுங்கள். மற்ற உயிர்கள் வளைக்குள் ஒதுங்கும் நடுப்பகலில் அது மணலில் ஓடித் தீனி தேடும். அதன் உடம்பை மூடியிருக்கும் முக்கோண வடிவ மயிர்கள் வெயிலை எதிரொளித்து, உடம்புச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுவிடுகின்றன என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். மொட்டை மாடிக்கு அடிக்கும் வெள்ளைப் பூச்சு செய்வதும் அதே இரண்டு வேலைதான். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021இல் பேரியம் சல்பேட் வைத்து வெயிலில் 98 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பெயின்ட் செய்து காட்டினார்கள். நமக்கு அவ்வளவு கூடத் தேவையில்லை, நல்ல வெள்ளைத் தட்டோடோ கூல் ரூஃப் பெயின்டோ போட்டு வருஷா வருஷம் தூசி கழுவினாலே போதும். கழுவாமல் விட்டால் சாம்பல் நிறமாகிப் பாதி பலன் போய்விடும், இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் காற்று. பிற்பகலில் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அது உள்ளே நுழைய ஒரு பக்கம் ஜன்னல் வைத்தால் வெளியேற எதிர்ப்பக்கம் அதைவிடப் பெரிய திறப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னலில் மோதிவிட்டுப் போய்விடும். உடம்பின் மேல் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும், ஆகையால் சீலிங் ஃபேனைக் குறைவாக நினைக்க வேண்டாம். வேண்டிய அறைக்கு மட்டும் ஏசி வைத்து 27 டிகிரியில் ஓட்டி, கூடவே ஃபேன் போடுங்கள். ஏசியே கூடாது என்ற வைராக்கியம் நம் ஈரக் காற்றில் எடுபடாது, அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களின் உடம்பு முக்கியம்.

மேஸ்திரிமகன்

பெரியவர் சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மறுப்பு உண்டு. எல்லோரும் குளிர்ச்சியைப் பற்றியே பேசுகிறோம், கட்டடத்தை எதனால் கட்டுகிறோம் என்பதை விட்டுவிட்டோம். ஈஸ்ட்கேட் பூரா கான்கிரீட். மிலானில் 2014இல் முடித்த அந்த இரட்டை மரக்காட்டுக் கோபுரங்களின் படத்தை எல்லோரும் ஆசையாகப் பகிர்கிறார்கள், அந்த மண்ணையும் மரங்களையும் தாங்குவதற்குப் பால்கனி கான்கிரீட்டை எவ்வளவு தடிமனாகப் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பச்சையாகத் தெரிவது வேறு, பூமிக்குப் பாரம் குறைப்பது வேறு.

எங்களுக்குப் பக்கத்திலேயே லாரி பேக்கர் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் இறந்தவர். அவர் பரப்பிய ராட் ட்ராப் கட்டு என்பது செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்துக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரில் இரண்டு பக்கமும் மும்மூன்று அங்குலம் செங்கல், நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம். செங்கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம், கலவையும் குறையும், நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தாமதப்படுத்தும். கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட் ஸ்லாபின் அடிப்பாகத்தில் இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது, அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா சுமையாகத்தான் இருக்கிறது, அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய சீமை ஓடுகளைக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போடுவார். எலும்பின் உள்ளே வெற்றிடம் இருப்பதும் இதே கணக்குத்தானே, சுமை இல்லாத இடத்தில் உடம்பு பொருளை வீணாக்குவதில்லை. இயற்கையைப் பார்த்துக் கட்டுவது என்றால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும். உங்கள் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு இதைத் தாராளமாக வைக்கலாம்.

சுண்ணக்கல்

மேலே நண்பர் சிமென்ட் பக்கம் திருப்பியது எனக்கு சந்தோஷம், எதிர்காலம் பற்றிய கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட் ஆலைகளிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவது இல்லை, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வருவது. சூளையை முழுக்க சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது. சூளைக்குள் 1,450 டிகிரி. அதே கால்சியம் கார்பனேட்டை வைத்து நத்தையும் சிப்பியும் பவளமும் கடல்தண்ணீரின் சூட்டிலேயே கெட்டியான ஓடு கட்டுகின்றன. ஆராய்ச்சி உலகத்தை உறங்கவிடாமல் வைத்திருக்கும் வித்தியாசம் இது.

நடந்திருப்பதைச் சொல்கிறேன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ், கான்கிரீட்டில் பாக்டீரியா விதைகளையும் அதற்கு உணவாகக் கால்சியம் லாக்டேட்டையும் கலந்து வைத்தார். விரிசல் விட்டுத் தண்ணீர் புகுந்ததும் அவை விழித்து, சுண்ணாம்பு படிய வைத்து விரிசலை மூடுகின்றன. நியூயார்க்கில் 2014இல் சோளத்தட்டையில் காளான் இழைகளை வளர்த்துச் செய்த சுமார் 10,000 கற்களால் ஹை-ஃபை என்ற கோபுரத்தை எழுப்பினார்கள், ஒரு கோடைகாலம் நின்றது, அப்புறம் பிரித்து மக்க வைத்தார்கள். இரண்டும் அருமை, ஆனால் செங்கல்பட்டு மழைக்கு நான் காளான் கல்லைப் பரிந்துரைக்க மாட்டேன், ஈரம் அதற்கு ஆகாது.

நம் கைக்கு எட்டுவது எல்சி3 என்ற கலவை சிமென்ட். பாதிதான் கிளிங்கர் (அந்த 1,450 டிகிரி சூளையில் சுட்டெடுக்கும் சிமென்ட் கட்டி), மீதியில் 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், கொஞ்சம் ஜிப்சம். களிமண்ணை 700, 800 டிகிரியில் சுட்டால் போதும், களிமண்ணுக்குள்ளிருந்து கரியமில வாயு வருவதில்லை. மொத்தத்தில் 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. சுவிட்சர்லாந்தில் கரென் ஸ்க்ரிவனர் முன்னெடுத்த இந்த வேலையில் ஐஐடி டெல்லிக்கும் ஐஐடி மெட்ராஸுக்கும் பெரிய பங்கு உண்டு. உங்கள் பக்கம் இது கிடைக்குமா என்று சப்ளையரிடம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலந்த பிபிசி என்ற சிமென்ட்டோ, இரும்பு ஆலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட்டோ கேட்டு வாங்குங்கள். கடலோர உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதையும் இவை தள்ளிப்போடும். ஒன்று மட்டும், இவற்றில் ஆரம்ப வலிமை மெதுவாக ஏறும், அதனால் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை) பிரிக்க அவசரப்படாதீர்கள், க்யூரிங் (தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கும்) நாளைக் குறைக்காதீர்கள்.

ஈசல்

சுண்ணக்கல் சொன்ன சிப்பி விஷயத்தோடு ஒன்று சேர்க்க ஆசைப்படுகிறேன். உயிரினத்தின் ஓட்டை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும், அந்த ஓட்டை அது எவ்வளவு காலம் பராமரிக்கிறது என்பதையும் பாருங்கள். புற்றைக் கறையான் ஒருநாளும் கட்டி முடிப்பதில்லை. மழையில் கரைந்த இடத்தை ராத்திரியே மண் வைத்து அடைக்கும், காற்று அதிகம் புகுந்தால் துளையை மூடும், குறைந்தால் புதுச் சுவரை எழுப்பும். டர்னர் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார், புற்றும் கறையானும் சேர்ந்ததுதான் அந்த உயிர் என்று. நாம் சாவியைக் கொடுத்த நாளோடு கட்டடத்தை மறந்துவிடுகிறோம். ஐயா மேலே சொன்ன மொட்டை மாடி கழுவும் வேலை எனக்கு அந்த வகையில் மிகப் பிடித்தது.

செங்கை_சிவில்

இடத்துக்காரரிடம் பேசிவிட்டேன். ஹராரே, மெல்போர்ன் இரண்டு படத்தையும் காட்டினேன், இரண்டு ஊரின் ராத்திரி வெப்பநிலையையும் நம் ஊருடையதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி முகப்பு வேண்டாம் என்பதற்கு ஒத்துக்கொண்டார், வெள்ளை மாடி சரி, மேற்கில் மாடிப்படி சரி. எறும்பு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஃபில்லர் ஸ்லாபுக்கு மட்டும் பயப்படுகிறார், ஓடு உள்ளே இருந்தால் கூரை நிற்குமா என்கிறார், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை விட்டே பேச வைக்கப்போகிறேன்.

மேஸ்திரிமகன் அண்ணா, ராட் ட்ராப் சுவரில் எலக்ட்ரிக் பைப் எப்படிக் கொண்டுபோவது? எங்கள் எலக்ட்ரீஷியன் சுவர் எழும்பிய பிறகு கட்டர் வைத்துக் காடி (பைப் புதைக்கும் பள்ளம்) எடுத்துத்தான் பழக்கம். அப்படி எடுத்தால் மூன்று அங்குலச் செங்கல் என்ன ஆகும்?

மேஸ்திரிமகன்

காடி எடுக்கவே விடாதீர்கள் தம்பி, செங்கல் பிளந்துவிடும். சுவர் எழும்பும்போதே பைப்பை நடு வெற்றிடத்தில் நிறுத்தி, கூடவே கட்டிக்கொண்டு வர வேண்டும், ஸ்விட்ச் பாக்ஸ் வரும் இடத்தில் முன்கூட்டியே செங்கல்லை விட்டுக் கட்ட வேண்டும். அதற்கு எலக்ட்ரிக்கல் டிராயிங் கொத்தனார் கைக்கு முதல் நாளே வந்தாக வேண்டும், இதில்தான் நிறைய சைட்டில் சண்டை வரும்.

இன்னும் இரண்டு விஷயம். நாட்டுச் செங்கல் வேண்டாம், கோணல்மாணலாக இருந்தால் இந்தக் கட்டு உட்காராது, அளவு ஒரே சீராக இருக்கும் சேம்பர் செங்கல் எடுங்கள். கலவை வைக்கும்போது வெற்றிடத்துக்குள் விழாமல் இருக்க, மூன்று அங்குல அகலத்தில் ஒரு மரப்பட்டையை நடுவில் வைத்துக்கொண்டு கலவை போட்டு, பிறகு பட்டையை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். கலவை உள்ளே விழுந்து அடைத்துக்கொண்டால் சாதாரணச் சுவருக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. அடி வரிசை, ஜன்னல் அடிமட்டம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டம், கதவு ஜன்னல் ஓரங்கள், இங்கெல்லாம் வெற்றிடம் இல்லாமல் கெட்டியாகவே கட்ட வேண்டும். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லையென்றால் முதலில் காம்பவுண்ட் சுவரில் ஒரு பத்தடி கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கை வந்த பிறகு கட்டடத்துக்குப் போகலாம்.